மேடு இல்லாத ஊரில் ஹேண்ட் பிரேக்

சக்கரத்துக்கு அடியில் கல் வைக்கிற பழக்கம் ஒழிகிறவரைக்கும் இந்த நாட்டில் பொறியியல் என்ற ஒன்று பிறக்கவே முடியாது என்று எழிலன் அறிவித்தபோது, அவன் வாயில் பாதி இட்லி இருந்தது. மீதிப் பாதியைக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் நின்ற மாமாவின் வெள்ளைக் காரையும், அதன் பின் சக்கரத்துக்கு முட்டுக்கொடுத்திருந்த அரைச் செங்கல்லையும் பார்த்தான். கொலை நடந்த இடத்தை போலீஸ்காரர் பார்க்கிற பார்வை அது.

"சக்கரத்தக் கண்டுபுடிச்சவன் பெரிய ஆளே இல்ல மாமா. அத நிக்க வச்சான் பாருங்க, அவன்தான் மனுசன். கல்லு வெக்கிறவன் அதுக்கு முந்தின ஸ்டேஜ்."

"எந்த ஸ்டேஜு மாப்ள?" என்று ராஜமாணிக்கம் உண்மையான அக்கறையோடு கேட்டார்.

"அப்ப வாலு இருந்துச்சி."

"டேய், மாமாவப் பாத்து வாலுங்குற. வாயக் கழுவுடா," என்றாள் அம்மா தில்லையம்மாள். ஆனால் அவளும் முந்தானையால் வாயை மூடிக்கொண்டுதான் சொன்னாள்.

எழிலன் சிதம்பரத்தில் மெக்கானிக்கல் மூன்றாம் ஆண்டு. ராஜமாணிக்கம் அம்மாவின் தம்பி. கடலூரில் கூட்டுறவுச் சங்கம் ஒன்றில் வேலை. ஞாயிற்றுக்கிழமைகளில் அக்காவைப் பார்க்க மீனோடு வருவார். காருக்கு எழிலனைவிட ஒரு வயது கூடுதல். அதன் ஹேண்ட் பிரேக் கேபிள் அறுந்து சில மாதங்கள் ஆகியிருந்தன. லீவரை இழுத்தால், வகுப்பில் பதில் தெரியாமலே கையைத் தூக்குகிற பையன்போல அது சும்மா மேலே வரும்.

கியரில் போட்டு நிறுத்தலாம்தான். ராஜமாணிக்கம் அப்படி நிறுத்திவிட்டு, மறந்துபோய் ஸ்டார்ட் செய்து ஒருமுறை வீட்டுத் துளசி மாடத்தை இடித்தவர். அன்றிலிருந்து நியூட்ரல், அப்புறம் கல். கல் டிக்கியில் ஒரு சிமென்ட் சாக்குத் துண்டில் சுற்றிப் படுத்திருக்கும். எங்கே நிறுத்தினாலும் இறங்கி, டிக்கியைத் திறந்து, கல்லை எடுத்து, குனிந்து வைத்து, எழுந்து, காரின் முதுகில் ஒரு தட்டுத் தட்டிவிட்டுத்தான் நகர்வார். எழிலன் இதற்கு ஏபிஎஸ் என்று பெயர் வைத்திருந்தான். அரைச்செங்கல் பிரேக் சிஸ்டம். கல்லூரியில் அந்தப் பெயருக்கு நல்ல வரவேற்பு. கல்யாண மண்டப வாசலில் மாமா குனிந்து கல் வைக்கிற போட்டோ ஒன்றைக்கூட அவன் நண்பர்கள் குழுவில் போட்டிருந்தான். 'மாமா வண்டியை அல்ல, பூமியைத் தடுத்து நிறுத்துகிறார்' என்று கீழே எழுதியிருந்தான்.

"கேபிள் நான் மாத்தித் தரேன் மாமா. இன்னிக்கே. இதுக்கெல்லாம் மெக்கானிக்குகிட்ட போனீங்கன்னா நான் படிக்கிறதுக்கே அர்த்தம் இல்ல."

ராஜமாணிக்கத்தின் முகம் மலர்ந்தது. அவர் வீட்டில் யாரும் பொறியியல் படித்ததில்லை. மகள் கயல்விழி பாங்கில் வேலை செய்கிறாள். மனைவி வெண்மதி குறிஞ்சிப்பாடிப் பக்கம் ஒரு பள்ளியில் தலைமை ஆசிரியை. இயந்திரம் என்ற துறையில் குடும்பத்தின் மொத்த நம்பிக்கையும் எழிலன் மேல்தான்.

ஸ்பேர்ஸ் கடையில் கேபிள் கிடைத்தது. வாசலிலேயே காரை ஜாக்கி போட்டுத் தூக்கி, கோணிப்பை விரித்து, எழிலன் வேலையைத் தொடங்கினான். வேலை ஒன்றும் பெரிய மாயமில்லை. லீவருக்கு அடியில் இருக்கிற நட்டைத் தளர்த்தணும். பின் சக்கரத்தைக் கழற்றி, அதன் பின்னால் சட்டிபோல மூடியிருக்கிற பிரேக் டிரம்மைக் கழற்றி, உள்ளே கொக்கியில் மாட்டியிருக்கிற பழைய கேபிளை எடுத்துவிட்டுப் புதியதை மாட்டணும். கேபிள் ஒரு உறைக்குள் ஓடுகிறது. அந்த உறையின் நுனி டிரம்முக்குப் பின்னால் இருக்கிற தகட்டின் ஓட்டையில் உட்காரும். அது நழுவாமல் இருக்க ஒரு கிளிப். இடது பக்கத்துக்கு ஒன்று, வலது பக்கத்துக்கு ஒன்று. உறை அசையாமல் நின்றால்தான் லீவரை இழுக்கும்போது உள்ளே கேபிள் இழுபடும். ஒரு பக்கம் நழுவினாலும் மறுபக்கமும் தளர்ந்துவிடும். இரண்டும் ஒரே நட்டில் தொங்குகிற தராசுத் தட்டுகள். இதையெல்லாம் எழிலன் மாமாவுக்குப் படம் வரைந்து விளக்கினான். மாமா எல்லாவற்றுக்கும் "அடேயப்பா" என்றார்.

இடது பக்கம் அச்சாக முடிந்தது. வலது பக்கத்துக்கு வருவதற்குள் வெயில் உச்சிக்கு வந்துவிட்டது. கிளிப் போகிற இடம் விரல் நுழையாத சந்து. கிரீஸ் வழுக்கியது. இரண்டு முறை கை நழுவி முட்டி உரிந்தது. உறையின் நுனி ஓட்டையில் தானாகவே இறுக்கமாக உட்கார்ந்திருந்தது. எழிலன் அதைப் பிடித்து ஆட்டிப் பார்த்தான். அசையவில்லை.

"கொழம்பு ஆறுதுடா," என்று உள்ளேயிருந்து அம்மா.

"முடிஞ்சிதா மாப்ள?" என்று மாமா, அதே மலர்ந்த முகத்தோடு.

"முடிஞ்சிது மாமா."

வார்த்தை கிளிப்புக்கு முன்னால் வந்துவிட்டது. வந்த வார்த்தையைத் திரும்ப விழுங்க அவனுக்குப் பழக்கம் இல்லை. டிரம்மைப் போட்டான், சக்கரத்தை மாட்டினான். கிளிப்பைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான்.

"அது இன்னா, மிச்சம்?" என்று அம்மா கேட்டாள்.

"எக்ஸ்ட்ரா. தாராளமா குடுத்திருக்கான்."

அப்புறம் சோதனை. சிதம்பரத்தில் கோபுரங்கள் மட்டுமே செங்குத்து, மற்றதெல்லாம் தரை. பெய்த மழைத் தண்ணீரே எந்தப் பக்கம் ஓடுவது என்று யோசித்துக்கொண்டு நிற்கிற ஊர் அது. அந்த ஊரின் அந்தத் தெருவில், வீட்டு வாசலில், எழிலன் லீவரைக் கடகடவென்று இழுத்துவிட்டு இறங்கி, கையைக் கட்டிக்கொண்டு நின்றான். மாமாவும் அம்மாவும் நின்றார்கள். மூவரும் காரைப் பார்த்தார்கள். கார் நின்றது.

"நிக்கிதுடா!" என்றாள் அம்மா.

ஹேண்ட் பிரேக்கே இல்லாவிட்டாலும் அது அங்கே நின்றிருக்கும் என்று மூன்று பேரில் ஒருவருக்கும் தோன்றவில்லை. மற்ற இரண்டு பேரையும் குறை சொல்ல முடியாது. அவர்கள் மெக்கானிக்கல் படிக்கவில்லை.

எழிலன் அரைச் செங்கல்லை எடுத்துக்கொண்டுபோய்த் தெருமுனைப் பள்ளத்தில் போட்டு, காலால் மிதித்து அழுத்தினான். "இனிமே நீங்க கல்லத் தொட்டீங்கன்னா என்ன அவமானப்படுத்துறீங்கன்னு அர்த்தம் மாமா."

"ச்சே ச்சே. இனிமே எதுக்கு?" என்றார் ராஜமாணிக்கம்.

*

கடலூரில் மாமாவின் வீடு இருப்பது தாழ்ந்த தெருவில். ஒரு மழையில் கட்டில் மிதந்த பிறகு வீட்டை இடித்து, ஆள் மார்பு உயரத்துக்கு மண்ணடித்துக் கட்டினார்கள். தெருவே அப்படித்தான், ஒவ்வொரு வெள்ளத்துக்கும் ஒவ்வொரு வீடு எழுந்து நிற்கும். தெரு மட்டும் இருந்த இடத்திலேயே கிடக்கும். கார் ஏறுவதற்கு வாசலில் ஒரு சிமென்ட் சறுக்கு. மேலே போர்ட்டிகோவில் கயல்விழியின் ஸ்கூட்டரும், வாஷிங் மிஷினும், வெள்ளத்துக்குப் பயந்து மேலேற்றிய அரிசி மூட்டைகளும். ஆகவே காரின் முன் சக்கரம் மட்டும் மேலே ஏறும். பின் சக்கரம் சறுக்கிலேயே நிற்கும். அந்தப் பக்கத்தில் உள்ள மேடுகளை எண்ணினால், இரண்டு மூன்று ரயில்வே மேம்பாலங்களுக்கு அடுத்தபடி இந்தச் சறுக்குகளைத்தான் சொல்லணும்.

புதன்கிழமை மாலை வெண்மதி அத்தையிடமிருந்து போன் வந்தது. அம்மா ஸ்பீக்கரில் போட்டாள்.

"அண்ணி, பதறாதீங்க. யாருக்கும் ஒண்ணும் ஆவல. காரு உருண்டுருச்சி."

எழிலன் புத்தகத்திலிருந்து தலையைத் தூக்கினான்.

மாமா வேலையிலிருந்து வந்து காரைச் சறுக்கில் நிறுத்திவிட்டு உள்ளே போய் டீ குடித்துக்கொண்டிருந்தார். கார் கொஞ்ச நேரம் நின்றது. பிறகு யாரிடமும் சொல்லாமல் பின்னால் கிளம்பி, தெருவைக் கடந்து, எதிர்வீட்டு லூர்துசாமியின் காம்பவுண்டுச் சுவரை இடித்து நின்றது. சுவரோரமாக வெளியே அவர் நாற்காலி போட்டு மாலையில் பேப்பர் படிப்பார். நாற்காலி நொறுங்கிவிட்டது. லூர்துசாமி இல்லை. உள்ளே போன் அடித்ததென்று எழுந்து போயிருந்தார்.

"ஒங்க தம்பி ஹேண்ட் பிரேக்க போட மறந்துட்டாரு அண்ணி. அவுரே சொல்றாரு."

எழிலனின் கை சட்டைப்பைக்குப் போனது. அது வேறு சட்டை. அந்தச் சட்டை கொடியில் காய்ந்துகொண்டிருந்தது. போய்ப் பார்த்தான். கிளிப் பைக்குள், துவைத்துச் சுத்தமாக இருந்தது.

அன்று இரவு சாப்பிட்டான். சாப்பிட முடியாமல் போனால் நன்றாக இருக்குமே என்று நினைத்துக்கொண்டே மூன்று தோசை சாப்பிட்டான். லூர்துசாமியின் நாற்காலிதான் திரும்பத் திரும்ப வந்தது. சிவப்பா, பச்சையா என்று ஞாபகப்படுத்திப் பார்த்தான். போனமுறை போனபோது அந்த நாற்காலியில் இருந்தபடியே அவர், "காலேஜ்லாம் எப்படிப் போவுது தம்பி?" என்று கேட்டிருந்தார். நாற்காலியின் நிறம் வரவில்லை, குரல் வந்தது. போன் அடித்தவன் யாராக இருந்தாலும் அவனுக்குக் கோயில் கட்டலாம். ஒருவேளை கடன் வேண்டுமா என்று கேட்கிற கம்பெனியாகக்கூட இருக்கலாம். அப்படியானால் அந்தக் கம்பெனிக்கே கட்டலாம்.

*

சனிக்கிழமை பஸ் பிடித்துக் கடலூர் போனான். பையில் ஜாக்கி கம்பி, ஸ்பேனர், கட்டிங் பிளையர். பாக்கெட்டில் கிளிப். பஸ்ஸில் போகும்போதே சொல்லவேண்டியதைச் சொல்லிப் பார்த்துக்கொண்டான். ஆலப்பாக்கம் தாண்டுவதற்குள் அதில் ஒரு நகைச்சுவை சேர்ந்துவிட்டது. காரைக்காட்டில் அதை எடுத்துவிட்டான். எடுத்த பிறகு சொல்வதற்கு ஒரு வரிதான் மிச்சம் இருந்தது. அது ரொம்பக் குட்டையாகவும் கனமாகவும் இருந்தது.

மாமா ஹாலில் உட்கார்ந்து, கண்ணை மூடிக்கொண்டு முணுமுணுத்துக்கொண்டிருந்தார். "காரைக்காடு, ஆலப்பாக்கம், புதுச்சத்திரம், முட்லூர்..."

"இன்னா மாமா?"

"வா மாப்ள. ஒண்ணுமில்ல. செதம்பரம் வரிக்கும் ஸ்டாப்பு பேர் சொல்லிப் பாத்துக்கினு இருந்தேன். நேத்து ஒரு ஊரு உட்டுட்டேன். இன்னிக்கு எல்லாம் வருது." சிரித்தார். சிரிப்பு பாதியில் நின்றது. "நெஜமாச் சொல்லு மாப்ள, எனக்கு மறதி ஜாஸ்தி ஆயிடுச்சா? நீ வெளியாளு மாதிரி, ஒனக்குத் தெரியும்."

"அதெல்லாம் இல்ல மாமா."

"எனக்கு என்னவோ இழுத்த மாதிரிதான் இருக்கு. கையில அந்த இழுப்பு இருக்கு. ஆனா பாரு, நீ மாட்டுன கேபிளு அது. அதுல கோளாறு வர சான்ஸே இல்ல. அப்ப நான்தான போடாம வுட்டிருக்கணும்?"

எழிலன் வாயைத் திறந்தான். மாமா அவனை நம்பிக்கையோடு பார்த்தார். அந்தப் பார்வைக்கு முன்னால், பஸ்ஸில் ஒத்திகை பார்த்த ஒற்றை வரி வெளியே வரவில்லை.

"எல்லாருக்கும் வர்றதுதான் மாமா," என்று சொன்னான். சொன்ன உடனே, இதைவிடக் கேவலமான வாக்கியத்தைத் தன் வாழ்நாளில் சொல்லியிருக்கிறோமா என்று யோசித்துப் பார்த்தான். கிடைக்கவில்லை.

சாவி கயல்விழியிடம் போயிருந்தது. காரை அவள்தான் சுவரிலிருந்து எடுத்து ஓரம் கட்டினாள். அந்தப் பதற்றத்தில் லீவர் மேலே இருந்ததா கீழே இருந்ததா என்று யாரும் பார்க்கவில்லை. மாமா இனிமேல் ஓட்டக் கூடாது என்று முடிவாகியிருந்தது. வெண்மதி அத்தைக்கு மூட்டுவலி; மாமாதான் தினமும் குறிஞ்சிப்பாடி வரைக்கும் கொண்டுபோய் விட்டுவிட்டு வேலைக்குப் போவார். இரண்டு நாளாக அத்தை முழங்காலில் கட்டுப் போட்டுக்கொண்டு பஸ்ஸில் போகிறாள். புதுச்சேரியில் ஒரு நரம்பு டாக்டரிடம் திங்கட்கிழமைக்கு நேரம் வாங்கியிருந்தார்கள்.

"வண்டியக் கொஞ்சம் பாக்குறேன்," என்று சாவியை வாங்கிக்கொண்டு எழிலன் வெளியே வந்தான்.

வலது பின் சக்கரத்தைக் கழற்றினான். தேடவே வேண்டியிருக்கவில்லை. உறையின் நுனி தகட்டின் ஓட்டையைவிட்டு வெளியே வந்து, நாக்கைத் துருத்திக்கொண்டு தொங்கியது.

அவன் சுற்றுமுற்றும் பார்த்தான். தெருவில் யாரும் இல்லை. எதிரே லூர்துசாமி வீட்டின் உடைந்த சுவர். உதிர்ந்த செங்கற்கள் ஒரு குவியலாக. உறையை ஓட்டைக்குள் தள்ளினான். கிளிப்பை எடுத்தான். சிதம்பரத்தில் அவ்வளவு அடம் பிடித்த கிளிப் இங்கே முதல் தடவையே 'டக்' என்று போய் உட்கார்ந்தது. சக்கரத்தை மாட்டி, காரைச் சறுக்கில் ஏற்றி, லீவரை இழுத்து, காலை பிரேக்கிலிருந்து மெல்ல எடுத்தான். மலைபோல் நின்றது.

மனசு லேசானது. யாருக்கும் தெரியாமல் ஒரு நல்ல காரியம் செய்துவிட்டதாகக்கூட ஒரு உணர்வு வந்தது. யாருக்கும் தெரியாமல் செய்கிற உதவிதானே உயர்ந்த உதவி என்று அவன் யோசித்துக்கொண்டிருக்கும்போது கயல்விழி வெளியே வந்தாள்.

"பிரேக்கு எப்புடிடா இருக்கு?"

"நல்லாருக்கு."

"நல்லா பாத்தியா?"

"சறுக்குல நிறுத்திப் பாத்துட்டேன். சூப்பரா நிக்கிது."

கயல்விழி சாவிக்குக் கையை நீட்டினாள். வாங்கிக்கொண்டு, முகத்தைத் திருப்பிக் கண்ணைத் துடைத்தாள்.

"நீ வரும்போது வேண்டிக்கினேன்டா. பிரேக்குலதான் கோளாறுன்னு நீ சொல்லணும்னு. சரி வுடு. அப்பாதான் போல."

அவள் உள்ளே போய்விட்டாள். எழிலன் சறுக்கில் நின்றான். கார் அவனுக்கு மேலே, துளியும் அசையாமல் நின்றது. அது அவ்வளவு நன்றாக நிற்க நிற்க மாமாவுக்கு மறதி முற்றிக்கொண்டே போனது.

*

"மாமா. தப்பு என்னுது."

மூன்று பேரும் ஹாலில் இருந்தார்கள். அத்தை காலை ஸ்டூலில் நீட்டியிருந்தாள். எழிலன் வாசற்படியில் நின்றபடி சொன்னான்.

"ஒரு கிளிப்பு போடல. வலது பக்கம். அதான் உருண்டுச்சி. நீங்க ஹேண்ட் பிரேக்க போட்டுத்தான் இருந்தீங்க."

மாமா அவனையே பார்த்தார். பிறகு அவர் முகம் இளகியது.

"பாத்தியா வெண்மதி? என் அக்கா வளர்ப்பு. என்னக் காப்பாத்தறதுக்குப் பழிய தலையில போட்டுக்கிறான்."

"இல்ல மாமா, நெஜமாவே..."

"வேணாம் மாப்ள. ஒன் மனசு எனக்குத் தெரியும். எனக்காக நீ பொய் சொல்லக் கத்துக்காத."

"இப்பத்தான்டா சூப்பரா நிக்கிதுன்ன?" என்றாள் கயல்விழி.

"இப்ப கிளிப்பு போட்டுட்டேன். அதான் நிக்கிது."

"அப்ப இல்லாம இருந்துச்சா? நீ? ஒரு கிளிப்ப மறந்த?" அத்தைகூடச் சிரித்துவிட்டாள். "ஞாயித்துக்கெழமலேந்து ஒங்க மாமா வாயில ஒன் கத தாண்டா. படம் போட்டுக் காட்டுனான், அதுக்குக் காரணம் சொன்னான், இதுக்குக் காரணம் சொன்னான்னு. போயி கைய கழுவிக்கினு வா, சாப்புடலாம்."

இத்தனை வருடம் எழிலன் அடித்த பெருமையெல்லாம் ஒன்றுசேர்ந்து வாசலில் நின்று, அவன் உண்மையை உள்ளே விட மறுத்தது. தான் சொன்னதை யாராவது கொஞ்சமாவது சந்தேகப்பட்டிருக்கக் கூடாதா என்று அவனுக்கு முதல்முறையாகத் தோன்றியது.

அவன் கை கழுவப் போகவில்லை. கயல்விழி மேசைமேல் வைத்திருந்த சாவியை எடுத்துக்கொண்டு வெளியே வந்து, காரை இறக்கி, திரும்பவும் ஜாக்கி போட்டு, திரும்பவும் சக்கரத்தைக் கழற்றி, பிளையரால் கிளிப்பைப் பிடுங்கினான். உறையைப் பழையபடி வெளியே இழுத்துவிட்டான். சரியாக வேலை செய்கிற காரைக் கெடுப்பதற்கு இவ்வளவு கவனம் எடுத்துக்கொள்வான் என்று அவன் நினைத்ததில்லை. எதிரே லூர்துசாமி வெளியே வந்து, உடைந்த சுவருக்குப் பின்னால் நின்று பார்த்தார்.

"இன்னா தம்பி, மறுபடியும் ரிப்பேரா?"

"ஆமாங்க. நீங்க கொஞ்சம் அந்தப் பக்கமா நில்லுங்க. இல்ல, வீட்டுக்குள்ளயே போயிடுங்க."

லூர்துசாமி அவனை ஒரு பார்வை பார்த்தார். வீட்டுக்குள் போகவில்லை, சுவரைவிட்டு நன்றாக விலகி, தென்னை மரத்துக்குப் பின்னால் நின்றுகொண்டார்.

காரைச் சறுக்கில் ஏற்றிவிட்டு எழிலன் எல்லோரையும் வெளியே கூப்பிட்டான். காலை பிரேக்கிலேயே அழுத்தி வைத்துக்கொண்டு, பக்கத்து சீட்டில் மாமாவை உட்காரச் சொன்னான்.

"நீங்களே இழுங்க மாமா. ஒங்களால எவ்ளோ முடியுமோ அவ்ளோ."

ராஜமாணிக்கம் ஒன்றும் புரியாமல் லீவரைப் பிடித்து இழுத்தார். அது மேலே வந்தது, இன்னும் வந்தது, கடைசிப் பல்வரைக்கும் வந்தது.

"போட்டாச்சா?"

"போட்டாச்சி."

"கயல், நீ பாத்துக்க. லீவர் மேலதான் இருக்கு."

கயல்விழி ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்துத் தலையாட்டினாள். எழிலன் காலை பிரேக்கிலிருந்து தூக்கினான். ஒரு நொடி கார் நின்றது. பிறகு மெதுவாக, மிகுந்த பணிவோடு, பின்னால் இறங்கத் தொடங்கியது. தென்னை மரத்துக்குப் பின்னால் லூர்துசாமி "யேசுவே" என்றது கேட்டது. எழிலன் பிரேக்கை மிதித்தான். கார் குலுங்கி நின்றது.

அவன் பாக்கெட்டிலிருந்து கிளிப்பை எடுத்து மாமாவின் உள்ளங்கையில் வைத்தான். சின்னது, கட்டைவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரியது.

"இதுதான் மாமா."

ராஜமாணிக்கம் கிளிப்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "அப்ப நான் போட்டிருக்கேன்."

"போட்டுத்தான் இருந்தீங்க."

"ரெண்டு கையாலயும் இழுத்தேன் மாப்ள! இப்ப ஞாபகம் வருது. டீ சூடா இருக்கும்னு வேகமா எறங்குனேன், ஆனா இழுத்தேன்!" காரைவிட்டு இறங்கி அத்தையைப் பார்த்துச் சத்தமாகச் சொன்னார்: "இழுத்திருக்கேன்டி! காரைக்காடு, ஆலப்பாக்கம், எல்லாம் இருக்கு தலையில!"

எழிலன் காரைத் தெருவுக்கு இறக்கி நிறுத்தினான். கயல்விழி அவனிடமிருந்து சாவியை வாங்கி அப்பாவின் கையில் வைத்தாள். டாக்டருக்குப் போன் போட்டு திங்கட்கிழமை வரவில்லை என்று சொன்னாள். பிறகு எழிலன் பக்கம் திரும்பினாள்.

"மூணு நாளா எங்கப்பா ஒக்காந்து பஸ் ஸ்டாப்பு மனப்பாடம் பண்றாரு. எங்கம்மா நொண்டிக்கினு பஸ்ஸு ஏறுது. நீ மெக்கானிக்கலு." பல்லைக் கடித்தாள். "இனிமே எவன் வீட்டுக்காவது ஸ்பேனர எடுத்துக்கினு போன, கைய ஒடைப்பேன்."

அதை எழிலன் வாங்கிக்கொண்டான். அது சுகமாகக்கூட இருந்தது. மாமாவும் இரண்டு அறை விட்டிருந்தால் கணக்கு நேராகியிருக்கும். மாமா விடவில்லை. சிரிப்பெல்லாம் அடங்கிய பிறகு பக்கத்தில் வந்து, தணிந்த குரலில் கேட்டார்.

"இது பாக்கெட்லயேவா இருந்துச்சி?"

"ஆமா மாமா."

"நான் முடிஞ்சிதான்னு கேட்டப்பயும்?"

"ஆமா மாமா."

ராஜமாணிக்கம் தலையாட்டினார். திட்டவில்லை. கிளிப்பை அவன் கையில் திரும்ப வைத்து, விரல்களை மூடிவிட்டு, "போட்டுடு," என்றார். அதற்கு முன்னும் பின்னும் 'மாப்ள' வரவில்லை.

லூர்துசாமி வீட்டுக்குள் போய் ஒரு புது நாற்காலியோடு வந்தார். சுவரோரம் பழைய இடத்தில் ஒரு கணம் நின்று பார்த்தார். பிறகு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வீட்டின் மறுகோடிக்குப் போய், தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் போட்டு உட்கார்ந்தார். அங்கே வெளிச்சம் போதாது. பேப்பரைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் படித்தார். எழிலன் போய், "சொவரு நான் கட்டித் தரேங்க," என்றான்.

"நீயா கட்டப்போற?" என்று அவர் பேப்பரிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டார்.

"இல்லைங்க. கொத்தனார வச்சி."

"அப்ப சரி."

எழிலன் கிளிப்பைப் போட்டான். வலது பக்கம் போட்டுவிட்டு, இடது பக்கத்தையும் கழற்றி, அங்கே இருக்கிறதா என்று பார்த்தான். இருந்தது. திரும்ப மாட்டினான். நட்டை ஒரு சுற்று இறுக்கினான். காரைச் சறுக்கில் ஏற்றி, லீவரை இழுத்து, காலை எடுத்து, நின்றதைப் பார்த்து, இறங்கி நின்று பார்த்து, திரும்ப ஏறி, திரும்ப இழுத்துப் பார்த்தான்.

அத்தை டீ கொண்டுவந்தாள். மாமா படியில் உட்கார்ந்திருந்தார்.

"நிக்கிதா?"

"நிக்கிது மாமா. கெட்டியா."

"அப்ப உள்ள வா. டீ ஆறுது."

"வரேன் மாமா. கைய கழுவிக்கினு வந்துடறேன்."

அவர்கள் உள்ளே போனார்கள். ஹாலில் மாமா யாருக்கோ போன் போட்டு, தனக்கு மறதி இல்லை என்பதை முதலிலிருந்து விவரிக்கிற சத்தம் கேட்டது. தொட்டிக்குப் பின்னால் பேப்பர் புரண்டது. எழிலன் தெருவைக் கடந்து, லூர்துசாமி வீட்டுச் சுவரிலிருந்து உதிர்ந்த குவியலில் குனிந்து, சிமென்ட் ஒட்டாத ஒரு செங்கல்லைப் பொறுக்கினான். சறுக்கில் ஏறி, வலது பின் சக்கரத்துக்கு அடியில் அதை வைத்துக் காலால் தள்ளினான். இறுக்கமாக உட்கார்ந்தது. கொஞ்சம் நின்றான். அப்புறம் திரும்பிப் போய், இடது சக்கரத்துக்கும் ஒன்று எடுத்துவந்தான்.